வெங்காயத் தாளும் ஆபீசர் வீட்டுப் புல்லும்

பார்வதியம்மாள் முற்றத்தில் போட்டிருந்த வெங்காயப் பாத்தியை அழித்துவிட்டு, தன் ஆபீசர் பங்களாவில் கேட்டு வாங்கிய அழகுப் புல்லை நட்டுவைத்தார் அவள் கணவர் வேல்சாமி. அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. இன்று தங்கைக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்ததும், காலண்டர் தாளைக் கிழித்து எழுதிச் சோற்றுப்பானை மூடிமேல் வைத்தாள்.

"தங்கச்சிக்கு வலி கண்டிருக்கு. பசுவந்தனைக்குப் போறேன். சோறும் புளிக்குழம்பும் இருக்கு. வெளிய போனா சாவியை எதுத்த வீட்டு கோமதியக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க. சாயந்தரம் ஒங்க ஆபீசர் வந்தா புல்லைக் காட்டுங்க. என் வெங்காயத் தாளும் இதே மாதிரி பச்சையா, மெல்லிசாத்தான் நின்னுச்சு. ஆனா கிள்ளிப் போட்டா துவையல் மணக்கும். ஒங்க புல்லை மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிடுது. ஆபீசருக்கு அதையே வதக்கி வைங்க, ருசிச்சுச் சாப்பிடட்டும்."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"நட்டதோட சரி, ஒரு வாய் தண்ணி விட்டீங்களா? வாடி நிக்குது. அரிசி களைஞ்ச தண்ணியை ஊத்தியிருக்கேன். நாளைக்கு நீங்க ஊத்துங்க."