தொண்ணூற்றிரண்டாம் படியின் டோன் பிலிதோர்

ஏப்ரல் 3, வியாழன்

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். ரொட்டிக்காரர் படிக்கட்டில் மொத்தம் நூற்று அறுபத்தொரு படி. தொண்ணூற்றிரண்டாவது படியில் எனக்கு மூச்சு முட்டிவிடும். ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்தவளே நடுப்படியில் நாய் மாதிரி இளைத்தால் வெளியூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆப்பிள் பெட்டியை எடுத்து, கப்பலில் மிஞ்சின நீல பெயின்ட் அடித்து, மேலே தகரம் போட்டு, தண்ணீர்க் குழாய்க்கு மேலாகச் சுவரில் ஆணியடித்தேன். எங்கள் ஊர் வல்பரைசோவில் யாராவது வழியில் திடீரென்று செத்துப்போனால் அந்த இடத்தில் ஆவிக்கு ஒரு சின்ன வீடு வைப்போமே, அதே மாதிரி.

வீடு தயார், செத்தவர்தான் இல்லை. அவரையும் நானே செய்தேன். பெயர் பிலிதோர், மரியாதைக்கு டோன் பிலிதோர். கேஸ் சிலிண்டர் சுமக்கிறவர். ஒரு விதவைக்காக இரண்டு சிலிண்டரை ஒரே மூச்சில் தூக்கிவந்து, இந்தப் படியில் நெஞ்சு வெடித்து விழுந்தார். கதையைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு திரும்பிவிடும்.

இன்று சாயங்காலம் என் தங்கை எர்சிலியா அந்தப் பெட்டி முன்னால் மண்டிபோட்டு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது மார்பில் கட்டி. 24ஆம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள்.

யாரிடம் சொல்ல? நாலாம் வகுப்போடு நின்றவளின் கோணல் எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த நோட்டு.

ஏப்ரல் 5, சனி

பதினோரு பேரைக் கூட்டிப்போனேன். எல்லாரும் அர்ஜென்டினாக்காரர்கள், ஏறும்போதும் பேச்சு நிற்கவில்லை. பெட்டியைச் சுற்றி, வேண்டுதல் பலித்தவர்கள் அடித்துவைத்த நன்றிப் பலகைகளை எண்ணினேன். பதினான்கு. போன வருஷம் மூன்றுதான் இருந்தது.

முதல் பலகை படிக்கட்டின் அடியில் ரொட்டிக் கடை வைத்திருக்கிற ரெமிஹியோவுடையது. வெண்ணெய் என்கிற அவர் நாய் காணாமல் போனபோது டோன் பிலிதோரிடம் வேண்டிக்கொண்டார். மூன்றாம் நாள் நாய் வந்துவிட்டது. வராமல் என்ன? என் பின்னால் வந்த பிரேசில் ஜோடியோடு அடுத்த குன்றுக்குப் போய் இரண்டு நாள் இறைச்சி தின்றுவிட்டு வந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "புண்ணியவான் அண்ணே அவரு"ன்னு சொல்லிட்டு வந்தேன். சொன்ன வாயைத் தைக்கணும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கட்டி சுருங்கிவிட்டது என்கிறாள். தொட்டுப் பார்த்தேன். சுருங்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று எழுத்து இன்னும் கோணலாகத்தான் வரும்.

காலையில் வழக்கம்போல எர்சிலியா தொண்ணூற்றிரண்டாம் படியில் அடுப்பை வைத்துப் பூசணி மாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்துகிற கூட்டம்தான் அவளுக்கு வியாபாரம். தலையில் துணி கட்டியிருந்தாள்.

"என்னடி, எண்ணெய் தெறிக்குதா?" என்றேன்.

அவள் துணியை அவிழ்த்தாள். இடுப்பு வரை தொங்கின முடி காது மட்டத்தில் நின்றது. பெட்டியைப் பார்த்தேன். தகரத்துக்குக் கீழே அவள் பின்னல், முடிச்சு போட்ட ரிப்பனோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"நேர்ந்துக்கிட்டேன்க்கா. அவர் பாத்துக்குவார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை."

"பைத்தியமா உனக்கு? தேதி போச்சுன்னா மறுபடி எத்தனை மாசம் காத்திருக்கணும் தெரியுமா?"

"கத்திய நம்புறவங்க போகட்டும். அவர்கிட்ட கேட்டுட்டு டாக்டர்கிட்டயும் போனா, அவரை நம்பலைன்னுதானே அர்த்தம்?"

ஆப்பிள் பெட்டி. ஆப்பிள் பெட்டிக்காக என் தங்கச்சி சாகப் போறா.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்குவது, பெட்டி, பெயின்ட், நாய், ஒன்றுவிடாமல். அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"எனக்குப் பாத்த மாப்பிள்ளைக்கு மரக்காலுன்னு சொன்ன. நானும் ஒரு மாசம் அவர் பேன்ட்டையே பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப இதுவா?"

"அது விளையாட்டு. இது நிஜம்டி."

"அன்னைக்கும் இப்படித்தான் முகத்தை வச்சிக்கிட்டு நிஜம்னு சொன்ன."

கொல்லையிலிருந்து அந்தப் பெட்டியின் ஜோடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அதே ஆப்பிள் படம், அதே பச்சை எழுத்து. எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அப்பாடா என்று நினைத்தேன்.

"சரிக்கா, பெட்டிய நீதான் வச்ச. உன்னை வைக்கச் சொன்னது யாரு? இத்தனை படியில அந்தப் படியில மட்டும் உன் மூச்சை நிறுத்தினது யாரு?"

ஐம்பத்திரண்டு வயசுக்காரி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கே திரும்பிப் போனேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வெண்ணெய் அந்தப் படியில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் இல்லை. பெட்டியும் பின்னலும்தான்.

ஏப்ரல் 16, புதன்

மத்தியானம் சுத்தியலோடு போனேன், பெட்டியை உடைத்துவிடுவது என்று. ஒரு பெண் கைக்குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இளைப்பாம். "நீங்களும் நேர்த்திக்கா?" என்று கேட்டாள். சுத்தியலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன்.

அவர் நிஜமாகவே இருந்துவிட்டால்? நான் இல்லையென்று சொன்னதற்காக எர்சிலியாவைப் பிடித்துக்கொண்டால்? இல்லாத ஆளுக்குப் பயப்படுகிறேன். இதை யாரிடமாவது சொன்னால் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 19, சனி

புனித வாரக் கூட்டம். இருபது பேர். தொண்ணூற்றிரண்டாம் படியில் நின்றேன். எர்சிலியா ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள், காது கொடுப்பதில்லை. இரண்டு சிலிண்டர் வரைக்கும் எப்போதும்போலச் சொன்னேன். அதற்கப்புறம் வாய் தானாகத் திரும்பியது.

"ஆனா அவர் திடீர்னு சாகலைங்க. இரண்டு மாசமா நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாங்க. சாமி பாத்துக்கும், முதல்ல சிலிண்டரைக் கொடுத்துட்டு வரேன்னாரு. புதன்கிழமை இந்தப் படியில விழுந்தாரு. அதனால அவர்கிட்ட என்ன கேட்டாலும் பதிலுக்கு அவர் கேக்குறது ஒண்ணுதான். எனக்குக் கொடுத்த நாளை நான் விட்டுட்டேன், நீ விட்டுராத."

இருபது பேரில் ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். பொய் சொல்லி நான் பயந்ததே இல்லை, இன்று பெட்டிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

எர்சிலியா இடுக்கியை எண்ணெயில் விட்டுவிட்டாள்.

"இத்தனை வருஷமா இதைச் சொல்லவே இல்லையேக்கா."

"வெளியூர்க்காரங்களுக்குச் சோகம் தாங்காதுன்னு விட்டுட்டேன்."

"அவருக்கும் வியாழனா?"

"வியாழன்தான்."

ரொட்டி கருகிப்போயிற்று. அதையும் இருபது பேர் வாங்கித் தின்றார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

விடியற்காலையில் கதவைத் தட்டினாள். கையில் பை. "குன்றுல இறங்குற தூக்கு ரயில் ஏழு மணிக்குத்தான். நடந்தே இறங்கலாமா?" என்றாள். நடந்தே இறங்கினோம். தொண்ணூற்றிரண்டாம் படியில் அவள் நின்று பெட்டியைத் தொட்டாள். நான் படியை எண்ணுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகிறது. ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாதாவைக் கூப்பிட நினைத்து வாயைத் திறந்தேன். வந்தது டோன் பிலிதோர் பெயர்.

ஏப்ரல் 25, வெள்ளி

கண் திறந்துவிட்டாள். முதல் கேள்வி: "எண்ணெய்ச் சட்டிய யாரு கழுவினது?"

யாரும் கழுவவில்லை.

மே 9, வெள்ளி

சோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டிதான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றாராம் டாக்டர்.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "நான் நிஜத்தைச் சொன்னப்ப சிரிச்ச. கதையைச் சொன்னப்ப மட்டும் எப்படிடி நம்பின?"

"மரக்கால் கதை சொன்னப்ப உன் கை கல்லு மாதிரி இருந்துச்சு. பெட்டிய நீயே வச்சதாச் சொன்னப்பவும் அப்படித்தான், பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்கமா வச்சிருந்த. அன்னைக்குப் படியில உன் கை நடுங்கிச்சுக்கா. நிஜம் இல்லைன்னா எதுக்கு நடுங்கணும்?"



மே 13, செவ்வாய்

எர்சிலியா நன்றிப் பலகை எழுதி வாங்கிவந்தாள். அவளால் இன்னும் கையைத் தூக்க முடியாது, அதனால் நான்தான் அடிக்க வேண்டும் என்றாள். போன மாதம் கொண்டுபோன அதே சுத்தியலை எடுத்துப்போனேன். இரண்டு ஆணி நன்றாக இறங்கின. மூன்றாவது தண்ணீர்க் குழாயில் இறங்கியது. ஏழு வீட்டுக்கு வியாழக்கிழமை வரை தண்ணீர் இல்லை. தண்ணீர் சீக்கிரம் வரவேண்டும் என்று ரெமிஹியோ டோன் பிலிதோருக்கு ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்தார். பெட்டிக்குள் எல்லாம் நனைந்திருந்ததால் அது பற்றவில்லை.