முதல் பஸ்ஸுக்கு லட்டு

செப்டம்பர் 7, 1960. புதன்.

வெயில். சிறுமலைப் பக்கம் மட்டும் ஒரே ஒரு மேகம், வீட்டுப்பாடம் எழுதாம வந்தவன் மாதிரி ஓரமா நிக்குது. இறங்குற உத்தேசம் இல்லை.

பேப்பரில்: ரோம் ஒலிம்பிக், 400 மீட்டரில் நம்ம ஆள் நாலாவது. நாலாவதுக்கு மெடல் கிடையாது. அம்புட்டு தூரம் ஓடி, ஒரு மூச்சு தூரத்தில் போச்சு. காலையிலிருந்து உட்கார முடியவில்லை. வரலாறு சார் "ரோம் எதற்குப் பேர் போனது?" என்றார். "எங்க மாமா தோல் மண்டியிலயும் தினம் ரோமம்தான் சார்" என்றேன். பெஞ்சு மேல் ஏற்றினார். மேலேயிருந்து பார்த்தால் வகுப்பு நல்லாத்தான் இருக்கு.

ஃபுட்பால் போச்சு. ஓட்டம் போச்சு. மிச்சம் ஹாக்கி. அது போகாது. நான் பிறக்கிறதுக்கு முந்தியிலிருந்தே தங்கம் நம்ம வீட்டு அலமாரிச் சாமான்.

சாயங்காலம் கிரவுண்ட். டாஸ் ஜெயிக்கிற டீம்தான் இந்தியா, அது எங்க வழக்கம். ஜெயித்தது செல்வராசு. (இனி செ. ஒண்ணாங்கிளாஸிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே பிரம்பு.)

"நாங்க இந்தியா. நீ யாருலே?"

"நான் பாகிஸ்தான். தொப்பி வீட்டுல இருக்கு, செத்த இரு, எடுத்துட்டு வாரேன்."

எல்லாரும் சிரிப்பு. செ. உருண்டே விட்டான். ரெண்டு கோல் வாங்கினோம். முழங்காலில் சிராய்ப்பு. அம்மா மஞ்சள் வைத்து, திட்டும் வைத்தாள்.

செப். 8. வியாழன்.

காற்று. கிரவுண்ட் பூரா புழுதி, வாயிலும்.

செமி ஃபைனலில் பிரிட்டனை ஒண்ணு சைபர். அந்தப் பக்கம் பாகிஸ்தான் ஸ்பெயினை ஒண்ணு சைபர். ஆக நாளைக்கு ஃபைனல் அவங்களோட. போன தடவையும் இவங்கதான், அப்பவும் ஒண்ணு சைபர், தங்கம் நமக்கு.

எங்க அத்தாவோட மிட்டாய்க் கடைக்குச் சர்க்கரை மூட்டை இறங்கியாச்சு. பேகம்பூரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. சுதந்திரம் வந்த மறு வருஷம், லண்டனிலேயே வெள்ளைக்காரனை ஹாக்கியில் அடித்த அன்னிக்கு அத்தா ஆரம்பித்தது. ஒலிம்பிக் ஹாக்கியில் ஜெயித்தால் மறுநாள் காலை பேப்பர் பார்த்துவிட்டு, கடை வாசலில் எல்லாருக்கும் ஓசி லட்டு. மூணு ஒலிம்பிக், மூணு லட்டு. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற பெருநாள் என்று அம்மா சொல்வாள்.

வக்கீல் வீட்டு ரேடியோவில் வால்வு போயிருச்சு. ஊருக்கே வாய் கிழியப் பேசுகிற பெட்டி, இந்த வாரம் பார்த்து மௌன விரதம்.

செப். 9. வெள்ளி.

ஜும்மா தொழுகை முடிந்ததும் பூந்தி போட ஆரம்பித்தாச்சு. வீடு பூரா நெய் வாசனை. என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. செய்தவை: முந்திரி திருடினது. கிணற்றடிக்கும் வாசலுக்கும் நடந்தது. கணக்கு நோட்டில் கோல் போஸ்ட் வரைந்தது. வக்கீல் வீட்டு ரேடியோவைப் போய்த் தட்டிப் பார்த்து வசவு வாங்கினது.

லட்டு பிடிக்கும்போது அத்தாவிடம் சொன்னேன்:

"பேப்பர் வர்றதுக்குள்ள முதல் பஸ் போயிருது அத்தா. ஒவ்வொரு தடவையும் பஸ்காரங்களுக்குக் கிடைக்கிறதில்லை. நாளைக்கு நான் தட்டோட பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்."

"பேப்பர் பாக்காமயா?"

"தோக்கவா போறாங்க?"

அத்தா கையிலிருந்த உருண்டையை உருட்டிக்கொண்டே சிரித்தார். "அதுவும் சரிதான்" என்றார். அம்மா மட்டும், "விளையாண்டு முடிக்கட்டுமே" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை.

கோல் போட ஒரு கோல் போதும், பதினோரு கோல் எதுக்கு என்று செ.விடம் கேட்கணும். நாளைக்கு.

செப். 10. சனி.

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

விடியும்போதே பஸ் ஸ்டாண்ட். தட்டில் காகிதக் கொடி குத்தியிருந்தேன். சாணார்பட்டி பஸ் நின்றது, பக்கத்தில் பழனி பஸ். "ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு, எடுத்துக்குங்க" என்று ஜன்னல் ஜன்னலாய் நீட்டினேன். "என்ன அப்பு ஜெயிச்சது, எலெக்ஷனா?" என்றார் ஒருத்தர். "ஹாக்கிண்ணே. ரோமுல." ரோம் எங்கே என்று கேட்காமலே ரெண்டு எடுத்தார். சாணார்பட்டி கண்டக்டர் விசில் வாயில் இருக்க, கன்னத்தில் லட்டோடு கிளம்பினார். விசிலில் பூந்தி.

பழனி பஸ்ஸில் பாதி ஜன்னல் முடிந்திருக்கும். பேப்பர்க் கட்டு வந்தது. ஆளுக்கு ஒண்ணு பிரித்தார்கள். நான் அடுத்த ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே வெள்ளைச் சட்டைக்காரர், மடியில் விரித்த பேப்பர். பேப்பரைப் பார்த்தார். என் தலைத் தொப்பியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, லட்டு யாரு குடுக்கச் சொன்னாங்க?"

"எங்க அத்தா."

"அப்படீங்களா. உங்களுக்குச் சந்தோசமாத்தான் இருக்கும்ங்க. குடுங்க குடுங்க."

ஏற்கெனவே எடுத்திருந்த லட்டை மெதுவாய்த் தட்டில் திருப்பி வைத்தார். கடித்த லட்டு. பஸ் போயிருச்சு. எனக்கு ஒண்ணும் புரியவில்லை. கீழே கிடந்த பேப்பர்த் தாளை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பாகிஸ்தான் ஒண்ணு. இந்தியா சைபர்.

கடைக்கு ஓடினேன். அங்கேயும் அத்தா ஆரம்பித்துவிட்டார், வாசலில் நாலைந்து பேர் தின்றுகொண்டு. நான் பேப்பரை நீட்டினேன். அத்தா வாங்கி, கண்ணாடி தேடி, வாசித்து, தாளைத் திருப்பி, மறுபடி வாசித்தார். தின்றுகொண்டிருந்தவர்கள் வாயை நிறுத்தினார்கள். ஒருத்தர், "பாய், அப்ப இது எதுக்கு?" என்றார். சும்மாத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அத்தா பலகைக் கதவைப் பாதி போட்டார். அப்புறம் மீதியும் போட்டார். பெருநாளைக்குக்கூட மத்தியானம்தான் அடைக்கிற கடை.

வெள்ளைச் சட்டைக்காரரைப் பற்றி அத்தாவிடம் சொல்லவில்லை. கடித்த லட்டைக் காக்காய்க்குப் போட்டேன்.

சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனது என் தப்பு. செ. தூரத்திலேயே:

"என்னலே, உங்காளுக ஜெயிச்சுட்டாங்க. லட்டெல்லாம் குடுத்தாச்சாம்ல?"

எல்லாரும் சிரிப்பு. புதன்கிழமை சிரித்த அதே ஆட்கள், அதே சிரிப்பு. நானும் சிரித்தேன். அது என் ஜோக். நான் குடுத்ததைத் திருப்பிக் குடுத்திருக்கான், அவ்வளவுதான். மட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தோல் ஊரில் தோல்வி. நல்லாத்தான் இருக்கு. யாரிடம் சொல்ல.

வீட்டில் பரணுக்குக் கீழே ரெண்டு அண்டா லட்டு. அம்மா: "வீணாப் போகும். யாருக்காச்சும் பாத்திஹா ஓதிக் குடுத்துருங்க." அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எதுக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார். வெஞ்சனம் எதையும் தொடவில்லை. வெறும் சோறு, மோர்.

செப். 11. ஞாயிறு.

மூட்டம். புழுக்கம்.

அத்தா தட்டி எழுப்பினார். "தட்டை எடு."

"எங்க அத்தா?"

"எங்க குடுத்தியோ அங்க."

வயிற்று வலி என்றேன். "வலிச்சா வலிக்கட்டும்" என்றார். அவரே அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டார். வழியில் ஒரே ஒரு பேச்சு:

"மௌத்து வீட்டுல, சாவுக்கு மூணாம் நாள் இனிப்பு வச்சு ஓதிக் குடுக்குறோம்ல? சந்தோசத்துக்கு மட்டுமா இனிப்பு?"

வெள்ளி, சனி, ஞாயிறு. ஆமா, மூணாம் நாள்.

பஸ் ஸ்டாண்டில் நேத்து நான் நின்ற அதே தூண். அத்தா ஜன்னல் ஜன்னலாய்ப் போனார். கூவவில்லை. ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாய், கடையில் எடை சொல்கிற குரலில்:

"நேத்து தப்பாச் சொல்லிட்டோம். ஒண்ணு சைபர்ல நாம தோத்துட்டோம். எடுத்துக்குங்க."

எனக்குத் தட்டுக்கு அடியில் நுழைந்துவிடலாம் போல இருந்தது. சில பேர் வேண்டாம் என்று கை காட்டினார்கள். ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தா அவருக்கும் முழுசாய்ச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த ஜன்னலுக்குப் போனார். கத்தரிக்காய்க் கூடைக்கார அம்மா, "தோத்ததுக்கா குடுக்குறீக? எங்க வீட்டுக்காரரு தினம் சீட்டுல தோத்துட்டு வாராரு, ஒரு பயலும் ஒண்ணும் குடுத்ததில்ல" என்று முந்தானையில் ரெண்டு முடிந்துகொண்டது.

சாணார்பட்டி பஸ் வந்தது. கண்டக்டர் கீழே குதித்து நேராய் என்னிடம்.

"ஏலே, ஜெயிச்சோம்னு சொல்லிக் குடுத்தே. நான் ஊர் பூராச் சொல்லி, எங்க பசங்க வெடி போட்டு, வைக்கப்படப்பு ஒண்ணு எரியப் பாத்துச்சு. இப்ப தோத்தோம்ங்கிறீக. நாளைக்கு வந்தா டிராங்கிறீகளா?"

அத்தா சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இப்பத்தான். கண்டக்டர் ஒண்ணு வாயில், ஒண்ணு டிரைவருக்கு. "தோத்த லட்டுலதான் முந்திரி ஜாஸ்தி பாய்" என்றார். (முந்திரி நான் திருடாத அண்டா அது.)

பழனி பஸ்ஸில் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் இல்லை.

"யாரைத் தேடுறே?" என்றார் அத்தா.

"யாரையும் இல்லை."

தட்டில் மிச்ச லட்டை அடுக்கினார். "அவருக்கும் சேத்துத்தான் சொன்னேன்" என்றார்.

நான் ஒண்ணுமே சொல்லலையே. எப்படித் தெரியும்?

திரும்பி வந்து கடை திறந்தாச்சு. அல்வா வாங்க ரெண்டு பேர் வந்தார்கள். வழக்கமாய் வருகிற ரெண்டு பேர் வரவில்லை. இன்னிக்கு ஞாயிறு என்பதால் இருக்கலாம்.

செப். 12. திங்கள்.

இடி. சிறுமலை தெரியவே இல்லை.

பெஞ்சில் செ.யும் நானும். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் காலி. அவன் என் ரப்பரைக் கேட்காமல் எடுத்தான், கேட்காமல் திருப்பி வைத்தான். வரலாறு சார் ரோமைப் பற்றி என்னிடம்தான் கேட்டார். எழுந்து ஒழுங்காய்ப் பதில் சொன்னேன். உடம்பு சரியில்லையா என்றார்.

சாயங்காலம் போகக் கூடாது என்று இருந்தேன். கால் போயிருச்சு. டாஸ். செ. ஜெயித்தான். அவன் டீம் பசங்க எல்லாம் பின்னால் இந்தியா என்று வரிசை கட்டியாச்சு. நான் எந்தப் பக்கமும் பார்க்காமல் மட்டைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நாங்க பாகிஸ்தான்" என்றான் செ.

"ஏன்டா?" என்றார்கள் அவன் ஆட்களே.

"டாஸ் எனக்குத்தானேலே. நான் சொல்றதுதான்." அப்புறம் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்து: "நீ இந்தியா. ஆடுறியா, இல்ல தொப்பி எடுக்கப் போறியா?"

ஆடினேன். பாவம் பார்த்து விடுகிறவன் இல்லை அவன், கணுக்காலில் ஒண்ணு வைத்தான். நானும் வைத்தேன். கடைசி வரை சைபர் சைபர். பந்து என் மட்டைக்கு வந்தது, முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை, மழை அப்பத்தான் கொட்ட ஆரம்பித்தது. கோல் போஸ்ட் எது என்று தெரியாமலே ஓங்கி அடித்தேன்.