சுயம்புவின் திரை

நாள் 2, காலை 07:10

இதை எடுத்துப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் ஆவுடைச்செல்வி, இந்தக் கலத்தில் கருவிகளைப் பராமரிப்பவள். செவ்வாயிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் நின்றுபோனது. கலம் சுழல்வது மட்டும் நிற்கவில்லை, அதனால் உள்ளே கால் ஊன்றி நடக்க முடிகிறது. மீட்புக்கலம் எழுபத்து நான்காம் நாள்தான் வரும். அதுவரை மூன்று பேர் மூச்சுவிடக் காற்று இல்லை. அதனால் இரண்டு பேர் பின்னறையில், கண்ணாடி மூடிய பெட்டிகளில் குளிர்த்தூக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவர் என் கணவர் சுயம்பு. இன்னொருத்தி அவருடைய தங்கை இசக்கி, எங்கள் விமானி. யார் விழித்திருப்பது என்று சீட்டுப் போட்டோம். எனக்கு விழுந்தது.

பின்னறையின் காற்றை உறிஞ்சிச் சேமித்துவிட்டோம், ஆகவே போய் எட்டிப் பார்க்க வழியில்லை. திரையில் பார்ப்பதுதான். ஐம்பத்து நான்காம் நாள் இருவரையும் எழுப்ப வேண்டும், அதற்கு மேல் குளிரை உடம்பு தாங்காது. ஆளுக்கு ஒரு சிலிண்டர், இருபது நாள் காற்று, தனியாக வைத்திருக்கிறேன்.

அழுத்தம் சரி. இருவருக்கும் நிமிடத்துக்கு ஒன்பது துடிப்பு. துடிப்பை அந்த எண்ணிலேயே இயந்திரம் நிறுத்திவைக்கிறது. காலைச் சாப்பாடு பொட்டல உப்புமா. அதற்கு உப்புமா என்று பெயர் வைத்தவனை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

நாள் 3, பகல் 11:40

மின்சாரம் எகிறி, சுவரில் பதித்த திரைகள் மொத்தமும் கருகின. பெரிய ஆண்டெனாவும் போயிற்று. தரைநிலையத்துக்கு இனி குரல் மட்டும்தான் போகும், பதில் வர அரை மணி நேரம்.

கையில் இருப்பது என் மடிக்கணினி, கிடங்கில் கிடந்த இரண்டு பழைய மானிட்டர்கள், ஒரு டாக்கிங் ஸ்டேஷன். மடிக்கணினியில் ஒரு வயரைச் செருகினால் பல திரைகளுக்கு வழிவிடுகிற பெட்டி அது. மடிக்கணினியில் கலத்தின் நிலவரம், இடது மானிட்டரில் இசக்கி, வலது மானிட்டரில் சுயம்பு. திட்டம் இவ்வளவுதான்.

நாள் 3, பகல் 13:15

இடது வந்துவிட்டது. வலதில் ‘சிக்னல் இல்லை’. வயரை மாற்றினேன். துளையை மாற்றினேன். இரண்டு மானிட்டரையும் இடம் மாற்றினேன். எதை முதலில் செருகுகிறேனோ அது வருகிறது, மற்றது சண்டித்தனம் பண்ணுகிறது. தரைநிலையத்தில் இன்று ததேயு. சத்தம் போட்டுவிட்டேன், பாவம். அவர் அனுப்பிய பதில்:

“அக்கா, டாக்கோட கரண்ட் வயரப் புடுங்கிட்டு ஒரு நிமிசம் சும்மா விடுங்க. பெறகு ஒவ்வொண்ணா சொருவுங்க. ரெண்டு திரைக்கும் படத்தோட அளவக் கொறைச்சுப் பாருங்க. ஒத்த வயருல எம்புட்டுத்தான் போவும்?”

நாள் 3, மாலை 15:05

வந்துவிட்டது! அளவைக் குறைத்தேன், திரையை மாற்றும் விசைகளை மாறி மாறி அழுத்தினேன், எந்த அழுத்தலில் வந்தது என்று தெரியவில்லை. வலது திரையிலும் பச்சைக் கோடு, ஒன்பது துடிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அளவு குறைந்ததில் படத்தின் மேல் ஓரம் வெட்டுப்பட்டு, ஆள் பெயர் தெரியவில்லை. அதனாலென்ன, வெள்ளை டேப்பில் பெயர் எழுதி இரண்டு மானிட்டரின் சட்டத்திலும் ஒட்டிவிட்டேன்.

பிறகு ததேயு இன்னொன்று கேட்டிருந்தார். “ரெண்டுலயும் வேற வேற படம்தான் வருதான்னு ஒருக்கா பாத்துக்கிடுங்கக்கா.” எனக்குக் கண் இருக்கிறது. வருகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

நாள் 9, காலை 11:30

தண்ணீர் வடிகட்டி அடைத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டியதில் சுயம்புவின் சின்ன ஸ்பேனர் உடைந்தது. அவர் திரைக்கு முன்னால் போய் நின்று, உடைத்தது நான்தான், எழுந்ததும் திட்டிக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்பது துடிப்பு. அசையவில்லை, கல்லுளிமங்கன்.

நாள் 19, பகல் 12:00

இருவருக்கும் உடல் வெப்பம் கால் டிகிரி இறங்கி, ஒரே நிமிடத்தில் திரும்ப ஏறியது. அண்ணனும் தங்கையும் இதில்கூட ஒற்றுமை. எங்கள் கல்யாணத்தன்றும் இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுதார்கள். நான் ஒருத்தி மாலையோடு முழித்துக்கொண்டு நின்றேன். ததேயுவிடம் சொன்னேன், இயந்திரம் ஒரே மாதிரிதானே ஓடும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

தினமும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வலது திரைக்கு முன்னால் உட்காருகிறேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு வார்த்தையாவது அவரோடு பேசுகிறேன். வீட்டில்கூட இவ்வளவு பேசியதில்லை.

நாள் 33, காலை 10:10

டாக் சூடாகி உறைந்துவிட்டது. இரண்டு மானிட்டரும் இருட்டு. எல்லா வயரையும் உருவினேன். வெளித்திரையில் இருந்த படங்கள் மடிக்கணினிக்கே வந்து விழுந்தன. கலத்தின் நிலவரப் படத்தைக் கீழே ஒதுக்கினேன். இசக்கியின் படம் இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

சிவப்புச் சட்டம். நேர்க்கோடு. மேலே முழுப் பெயர், சுயம்புலிங்கம். ‘துடிப்பு இல்லை. நாள் 9, 10:05. நான்கு மணி நேரத்துக்குள் இதயத்தை முடுக்கவும்.’ கீழே ‘முடுக்கு’ என்று ஒரு பொத்தான், நேரம் கடந்து மங்கிப்போய். அழுத்தினேன். திரும்பவும் அழுத்தினேன்.

நாள் 33, பகல் 14:00

எழுதி வைக்கிறேன், அடுத்தவளுக்காவது உதவட்டும். இந்த டாக் வழியாக இந்த மடிக்கணினி ஒரே ஒரு படத்தைத்தான் வெளியே அனுப்பும். இரண்டு மானிட்டர் மாட்டினால் அதே படத்தை இரண்டிலும் காட்டும். முப்பது நாளாக இரண்டிலும் இசக்கிதான். சுயம்பு மடிக்கணினிக்குள்ளேயே, நிலவரப் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறார். எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. டாக்கை மாட்டியதும் ஒலியும் மானிட்டருக்குப் போய்விட்டது. இந்த மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது.

அன்று 10:05க்கு நான் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். 11:30க்கு அவரிடம் பேசினேன். அப்போதுகூட இரண்டரை மணி நேரம் மிச்சம் இருந்தது. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அந்தப் பொத்தான். என் புருஷனை நான் பார்க்கவில்லை. நான் எழுதி ஒட்டிய பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ததேயு கேட்டாரே. ஒருக்கா பாத்துக்கிடுங்கக்கா என்று.

நாள் 34, காலை 09:20

“அக்கா, எங்களுக்கு என்ன சொல்லன்னே தெரியல. நீங்க வாசிச்சுச் சொன்ன எண்ணுகளப் பாத்தா, அண்ணாச்சி பெட்டியில குளிர்நீர் வால்வு மாட்டிக்கிட்டிருக்கு. இசக்கி பெட்டியிலயும் அதே வால்வுதான், அன்னைக்கு வெப்பம் எறங்குனது அதனாலதான். நாளைக்குள்ள அவளை எழுப்பிரணும். காத்து போதும். கணக்குப் போட்டுப் பாத்துட்டோம்.”

எப்படிப் போதும் என்று ததேயு சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இரண்டு சிலிண்டர், நாற்பது நாள்.

நாள் 35, காலை 10:30

அவருக்காக வைத்திருந்த சிலிண்டரைத்தான் முதலில் திறந்தேன். பின்னறைக்குக் காற்று ஏறுகிறது. இசக்கியின் துடிப்பு பதினாறு. முப்பது. நாற்பத்தெட்டு. கதவு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், அழுத்தம் சமமாக வேண்டும். அதுவரை அவளும் அவரும் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் இண்டர்காம் மட்டும்.

நாள் 35, காலை 11:05

“மதினி, கேக்குதா? தொண்டை வறண்டு கெடக்கு. எந்திச்சு உக்காந்துட்டேன். அண்ணன் இன்னும் முழிக்கலையே. கண்ணாடியத் தட்டுதேன், பாக்க மாட்டக்கான். மூஞ்சி பூரா பனியா இருக்கு.”

இப்போது சொல்லக் கூடாது. அங்கே அவள் மயங்கி விழுந்தால் பிடிக்க ஆள் இல்லை. கதவு திறந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். இன்னும் இருபத்தைந்து நிமிடம். பதில் பேசாமல் இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

11:12

தட்டுகிறாள். இப்போது காற்று இருப்பதால் சுவர் வழியாக இங்கேயே கேட்கிறது.

11:14

“மதினி, நீங்களாவது ஒரு சத்தம் குடுங்க. உங்க கொரலுக்குன்னா எந்திச்சிருவான்.”

11:15

இண்டர்காம் பொத்தானை அழுத்தினேன். இசக்கி என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். சுயம்பு என்று கூப்பிட்டுவிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன்.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவர் கண் திறப்பதற்காக அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.