அண்ணிக்காக வாங்கிய கம்ப்யூட்டர்

ஜூலை 5, சனி

இன்று அண்ணனிடம் சொல்லாமல் விட்டது: கம்ப்யூட்டர் எனக்கு இல்லை, அண்ணிக்கு.

காலையிலிருந்து சாரல். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் அண்ணியும் சிப்காட் பக்கம் பழைய கம்ப்யூட்டர் கடைக்கு. கம்பெனிகள் ஆபீஸ் மெஷின்களை மாற்றும்போது மொத்தமாக எடுத்துத் துடைத்து விற்கிற கடை. பெட்டிகளின் முதுகில் இன்னும் யாரோ ஒட்டிய நம்பர் ஸ்டிக்கர்.

கடைக்காரர் முதலில் காட்டியது விளையாட்டுக்கான பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டது. உள்ளே சிவப்பு விளக்கெல்லாம் எரிகிறது. அண்ணி வேண்டாம் என்றார். அந்தக் கார்டுக்கு லினக்ஸில் டிரைவர் தேடி அலைய நேரமில்லை, போர்டோடு வரும் கிராபிக்ஸே போதும். மெமரி மட்டும் பதினாறு வேண்டும், பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள் என்றார். பிறகு கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, லினக்ஸை இங்கேயே ஏற்றிப் பார்க்கணும் என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"விண்டோஸ் ஃப்ரீயாவே போட்டுத் தர்றேன் மேடம். பையனுக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே."

"பொண்ணு பாத்தா திருப்பித் தர முடியாதுங்க. இத நாளைக்கே திருப்பிக் கொண்டாந்து வைப்பேன்" என்றார் அண்ணி. அதன்பின் அவர்கள் கன்னடத்துக்கு மாறிவிட்டார்கள். அண்ணி ஆனேக்கல்காரர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

ஏற்றிப் பார்த்தது நல்லதாயிற்று. கூடக் கொடுத்த வைஃபை குச்சியை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. வேறு இரண்டு மாற்றி, மூன்றாவதுதான் பிடித்தது.

ராத்திரி சாப்பாட்டில் அண்ணன்: "பதினாறு ஜி.பி. என்னாத்துக்கு யமுனா? கதை படிக்கறதுக்கா?"

எல்லோரும் உபயோகிக்கலாம் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே மறந்துவிடும். கல்யாணத்துக்கு முன் அண்ணி அத்திப்பள்ளியில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங். பாப்பா பிறந்த பிறகும் போனார். ஒரு நாள் இருவரும் ஷிப்டில் இருந்தபோது பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு. பக்கத்து வீட்டார்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றோடு அண்ணன் சொல்லிவிட்டார், வீட்டில் ஒருத்தர் இருக்கணும் என்று. யார் அந்த ஒருத்தர் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்று. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, வீட்டிலிருந்தே. அடுத்த சனி காலை பத்து மணிக்குத் தேர்வு. அவர்கள் மெஷினுக்குள் இங்கிருந்து நுழைந்து, அவர்கள் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருப்பதைச் சரி செய்ய வேண்டும். கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அண்ணனிடம் இப்போதே சொன்னால் என்ன என்று பஸ்ஸில் கேட்டேன்.

"கிடைச்சா சொல்லிக்கறேன். கிடைக்காம போனா, நான்தான் அப்பவே சொன்னேன்லன்னு ஒரு வார்த்தை வரும் யமுனா. அந்த ஒரு வார்த்தைய என்னால கேக்க முடியாது."

ஜூலை 6, ஞாயிறு

துணி காயவில்லை. அண்ணன் காலையிலேயே கல்லாவிக்கு, அப்பாவைப் பார்க்க. மோட்டார் ரிப்பேராம்.

லினக்ஸ் போட்டோம். திரையெல்லாம் தமிழில் வரும்படி, அண்ணனுக்காக. மூன்று கணக்குகள். அண்ணியுடையது மட்டும் நுழையும்போது வரும் பட்டியலில் தெரியாது, பெயரை அடித்தால்தான் திறக்கும். பெயர் அம்முலு. அவர் அம்மா போனில் கூப்பிடும் பெயர்.

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று கேள்வி: சொந்தக்காரர் என்ன செய்யலாம், கூட்டத்தார் என்ன செய்யலாம், மற்றவர் என்ன செய்யலாம். படிக்க, எழுத, இயக்க. அண்ணி தன் ஃபோல்டரைத் தான் மட்டும் என்று வைத்தார். நானும் அப்படியே. பாப்பா வீடியோ, அப்பா அனுப்பும் போட்டோவுக்குப் பொதுவாக ஒன்று. எங்கள் வீட்டில் உள்கதவுகளுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். உள்ளே தாழ்ப்பாள் குளியலறைக்கு மட்டும். பீரோ சாவி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில். இருபத்தாறு வயதில் முதல்முறையாக எனக்கு உள்பக்கம் பூட்டிய ஒரு அறை. இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

ஒரு சிக்கல். அண்ணன் கணக்கைச் சாதாரணப் பயனர் என்று போட எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு மூத்தவர். அவர் வாடகை கொடுக்கும் வீட்டில் நான் அட்மின், அவர் சாதாரணமா? மாற்றி அவரையும் எதையும் மாற்றக்கூடிய அட்மின் ஆக்கினேன். அண்ணி வேண்டாம் என்றார். கம்பெனியில் எம்.டி.க்கே அந்த அதிகாரம் கொடுக்க மாட்டார்கள், அதில் மரியாதை அவமரியாதை ஒன்றுமில்லை என்றார். நான் கேட்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. நான் வேலை செய்யும் கம்பெனியில் ஆடிட் வருகிறது என்று எல்லா லேபிளையும் மறுபடி ஒட்டச் சொன்னார்கள். கழுத்து வலி.

வந்தபோது அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால். முதல் ஷிப்டு முடித்து நாலரைக்கே வந்துவிடுகிறார் இந்த வாரம். அப்பா மோட்டார் போட்டோவை ஏற்றப் போய், எங்கெங்கோ நுழைந்து பார்த்திருக்கிறார்.

"என் வூட்ல எனக்கே அனுமதி மறுக்கப்பட்டதுன்னு வருது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிக்கவில்லை. "மூணு பேர் இருக்குது. நானு, நீ. மூணாவது அம்முலு."

பட்டியலில் மறைத்தோமே தவிர, உள்ளே ஃபோல்டர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும் என்பதை மறந்துவிட்டோம். நான் மறந்துவிட்டேன்.

அண்ணியின் அம்மா போனில் அம்முலு, அம்முலு என்று கூப்பிடுவதை அண்ணன் ஆறு வருடமாகக் கேட்கிறார். சமையலறையில் குக்கர் விசில். அண்ணி வெளியே வரவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று அண்ணன் காத்திருந்தார். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டதா என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். என்ன ஒரு கேள்வி.

அவர் எழுந்து டிவி போட்டார்.

ஜூலை 9, புதன்

 அண்ணன் அண்ணியிடம் பேசுவது பாப்பா வழியாக. "அம்மாகிட்ட தண்ணி கேளு." பாப்பாவுக்கு இது ஒரு விளையாட்டு.

பஸ்ஸில் படிக்க எடுத்துப்போன புத்தகத்தில் ஒரே பக்கம். போகும்போதும் வரும்போதும் அதே பக்கம்.

காலையில் அண்ணன் போனபின் அண்ணி பயிற்சி செய்தாராம். பெங்களூர் கம்பெனி அனுப்பிய சாவிக் கோப்பை வைத்து அவர்கள் சர்வருக்குள் நுழைந்து பார்த்திருக்கிறார். நுழைந்தது. கேட்டுக் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜூலை 10, வியாழன்

கெட்டது நடந்துவிட்டது.

அண்ணி பாப்பாவைக் கூட்டிவரப் போன நேரம். அண்ணன் வந்திருக்கிறார். கூட வேலை செய்யும் ஒருவரிடம் போனில் கேட்டிருக்கிறார், அனுமதி இல்லைன்னு வருதே என்ன செய்ய என்று. அவர் ஒரு வரி சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் 777, அதாவது யாரும் எதையும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். அந்த வரியை அண்ணன் எங்கள் ஃபோல்டர்களில் மட்டும் கொடுக்கவில்லை. ஆக மேலே, எல்லாவற்றுக்கும் வேரிலிருந்து கொடுத்திருக்கிறார். பாஸ்வேர்டு கேட்டது, தன்னுடையதை அடித்தார். அட்மின் அல்லவா. நான் கொடுத்தது.

அதற்குப் பிறகு அட்மின் வேலை எதுவும் நடக்கவில்லை. யார் கேட்டாலும் மறுத்தது. அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் புரோகிராமுக்கே ஒரு தனி அடையாளம் உண்டு, அதையும் சேர்த்து அழித்துவிட்டது 777. ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். கறுப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மினுக்கிக்கொண்டு. நான் வந்தபோது அதுதான்.

"நான் ஒண்ணும் உடைக்கல. எல்லாத்தையும் தொறந்து விட்டேன். அவ்ளோதான்."

அண்ணி பாப்பாவின் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கழற்றி, மற்றதைக் கழற்றாமல் எழுந்தார். பென் டிரைவைக் கொண்டுவந்து செருகினார். நான் விலகிக்கொண்டேன். மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் கோப்புகளை அண்ணி ஞாயிறன்றே டிஸ்கில் தனிப் பகுதியாக வைத்திருந்தார். அதைத் தொடாமல் மற்றதை அழித்து மறுபடி ஏற்றலாம். அதற்கு முன், கட்டளை அடிக்கும் கறுப்புச் சன்னலில் தன் ஃபோல்டரைத் திறந்து ஒரு பட்டியல் எடுத்தார். கோப்புகள் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். எல்லாம் புதன் காலை, அதற்கு முன். வியாழன் ஒன்றுகூட இல்லை.

அண்ணன் பூட்டைத் திறந்தார். உள்ளே பார்க்கவில்லை.

அண்ணி அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்தார். என்ன பட்டியல் என்று அண்ணனிடம் சொல்லவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துகிட்ட?"

"நீங்க ஷிப்டு போன நேரத்துல."

எல்லாம் ஏறியபின் சாவிக் கோப்பை வைத்து சர்வருக்குள் போகப் பார்த்தார். மறுத்தது. அண்ணன் எட்டிப் பார்த்து வரியைப் படித்தார். சாவியின் அனுமதிகள் அளவுக்கு மீறித் திறந்திருக்கின்றன என்று இருந்தது.

"தொறந்திருந்தா நல்லதுதான? ஏன் வேணாங்குது?"

"எல்லார் கையும் பட்ட சாவிய அது நம்பாதுங்க." தான் மட்டும் என்று மாற்றினார். நுழைந்தது. பிறகு திரும்பாமலே சொன்னார்: சனிக்கிழமை தேர்வு, பத்து மணிக்கு, வேலைக்கு.

அண்ணன் பாப்பாவின் இன்னொரு ஷூவைக் கழற்றினார். 

புதிய கணக்குகளில் அண்ணி மட்டும் அட்மின். அண்ணன் சாதாரணம். என்னையும் சாதாரணம் ஆக்கிவிட்டார். சரிதான்.

ஜூலை 11, வெள்ளி

ஆடிட். லீவு கிடையாது. மத்தியானம் போன் செய்தேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையா? இல்லை. வேண்டாம் என்றாவது? அதுவும் இல்லை. வேண்டாம் என்றாலாவது தெரிந்துவிடும் என்றார் அண்ணி.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, பாப்பா டானிக், கேமராவுக்கு நீள வயர்.

ராத்திரி பாப்பா இருமல்.

ஜூலை 12, சனி

வெயில், வாரத்தில் முதல்முறை.

ஒன்பதரைக்கு அண்ணி உள்ளறையில். வெளியே வரக்கூடாது, வேறு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது தேர்வின் விதி. பாப்பா கதவைத் தள்ளுகிறாள் என்று, இன்று ஷிப்டு இல்லாத அண்ணன் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கே வேண்டாம் என்றவர் போட்ட தாழ்ப்பாள்.

பத்தரைக்குப் பாப்பா என் மடியில் சாய்ந்தாள். தொட்டால் கொதித்தது. அண்ணனும் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் அந்தப் பழைய நாளின் முகம். கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

கையை எடுத்துவிட்டார்.

"அவகிட்ட சொல்லாத. வெளிய வந்துருவா. எதுனா ஆச்சுன்னா போன் பண்றேன், அப்ப தொற." பாப்பாவைத் துண்டில் சுற்றி, பைக்கில் முன்னால் உட்காரவைத்துப் போனார். தெரு முனை வரை அவள் அழுகை.

உள்ளிருந்து ஒரு தட்டல். "யமுனா, பாப்பா அழறாளா?"

"டிவி, அண்ணி."

சத்தத்தைக் கூட்டி வைத்தேன். போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவோரம் தரையில் உட்கார்ந்தேன். அடிக்காதே, அடிக்காதே. உள்ளே விசைப்பலகைச் சத்தம் நிற்கும்போதெல்லாம் கதவில் காதை வைத்தேன்.

போன் அடிக்கவில்லை. பன்னிரண்டுக்குத் தேர்வு முடிந்து அண்ணி திறக்கச் சொன்னதும் திறந்தேன். அப்போதுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. "நீ சொல்லியிருக்கணும்" என்றார். செருப்பில்லாமல் படியிறங்கிக் கேட் வரை ஓடினார். அவர்கள் அப்போதுதான் வந்தார்கள். சளிக் காய்ச்சல், ஊசி போட்டாயிற்று, வலிப்பு இல்லை. பாப்பா தூக்கம்.

அண்ணி குழந்தையை வாங்கிக்கொண்டார். அண்ணன் மருந்துச் சீட்டை நீட்டினார். அண்ணி அதை வாங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். 

ஜூலை 16, புதன்

சாரல் மறுபடி. பாப்பா ஸ்கூலுக்குப் போனாள்.

மெயில் வந்தது. அண்ணி தேர்வாகவில்லை. இன்னும் அனுபவம் உள்ளவரை எடுத்துவிட்டார்களாம்.

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி அவர் எதிரிலேயே சொன்னார். அண்ணன் தலையாட்டினார். ‘நான்தான் அப்பவே சொன்னேன்ல’ என்ற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சாயங்காலம் அவர் வீட்டில் இருக்கும்போதே, கூடத்தில் உட்கார்ந்து, அண்ணி வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பினார்.