பந்து போட்ட கை

மார்ச் 3, திங்கள்

பழைய கோச்சுக்கு வேலை மாற்றல். நேற்றே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மகள் ஆடும் சாஃப்ட்பால் அணியில் பதினொரு பெண்கள், எல்லாருக்கும் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். 22-ஆம் தேதிக்குள் புதுக் கோச் பெயர் கொடுக்காவிட்டால் இந்த சீசனில் அணி கிடையாது என்று லீக் செயலாளர் போனில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

பேட் மூட்டையைச் சுமப்பவன் நான் என்பதால் எனக்கு ஆட்டம் தெரியும் என்று ஊரே நினைக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பந்து கல் மாதிரி இருக்கும், சாஃப்ட் என்று பேர் வைத்தவன் ஒருநாளும் அதை நெஞ்சில் வாங்கியிருக்க மாட்டான். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "யாராவது கோச்சிங்குக்கு வர முடியுமா? சம்பளம் கிடையாது" என்று போட்டேன். ஒன்பது கட்டைவிரல் வந்தது. ஆள் வரவில்லை.

மார்ச் 5, புதன்

பள்ளிக்கூட பி.டி. மாஸ்டருக்கு முழங்கால் ஆபரேஷன். எதிர்வீட்டுக்காரர் கிரிக்கெட் என்றால் வருவாராம். "நீங்களே சொல்லிக் குடுங்களேன்" என்றாள் மனைவி. சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 8, சனி

எழுதவே கை வரவில்லை.

பிள்ளைகள் சும்மா நிற்கிறார்களே என்று நானே பந்து போட்டேன். நாலாவது பந்து பஞ்சுவின் வாயில். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அணியிலேயே சின்னவள் அவள், எடையே இல்லாததால் பஞ்சு. தினமும் லேபில் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறவன் நான் — ஒரு சொட்டு அதிகமாக வந்ததில்லை — இன்றைக்கு என் கைக்குட்டை முழுக்க ரத்தம். "பரவால்ல அங்கிள்" என்றாள், வீங்கின வாயோடு. அவள் அம்மா ஐஸ் வாங்கி வந்து உதட்டில் வைத்தார். திட்டியிருக்கலாம். ஏண்டா உனக்கு இந்த வேலைன்னு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகும் பஞ்சு களத்தில் நின்றாள். ஆனால் பந்து வந்தபோதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

பஸ் டிப்போ ஆட்களுக்கு வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை. காலையிலிருந்து எங்கள் லேபில் டிரைவர்கள் வரிசை. பதினாறு வருஷமாக முழங்கை மடிப்பையே பார்த்து வாழ்கிறவன். முகம் மறந்துபோகும், கை மறக்காது.

ஐம்பது வயதிருக்கும், ஒரு பெண் டிரைவர். நரம்பு பார்க்க இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னேன். வலது கை இடது கையைவிட நன்றாகத் தடித்திருந்தது. வீக்கம் இல்லை. தசை.

"ஸ்டியரிங் பிடிச்சா ரெண்டு கையும்தானே தடிக்கும்?" என்றேன்.

"அது பழைய கதை சார். பந்து போடுவேன். சாஃப்ட்பால்."

ஊசியைக் குத்தாமல் அப்படியே நின்றேன். "சார், குத்தறீங்களா, இல்ல நாளைக்கு வரட்டா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சுவின் உதடு வரைக்கும். "எனக்குப் பிள்ளைங்கன்னா பொறுமை கிடையாது" என்று, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே எழுந்து போய்விட்டார். கதவுக்கிட்ட நின்று, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

வந்தார். சாயங்காலம், டூட்டி முடித்து, சீருடையோடு. செயலாளர் ஏற்கெனவே அவரைப் பற்றி விசாரித்துச் சரி சொல்லிவிட்டார்.

கம்பி வலையிலிருந்து நாற்பது அடி தள்ளி நின்றார். பந்தை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு கை ஒரு முழுச் சுற்று சுற்றியது. நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து எப்போது போனது என்று சத்தியமாகத் தெரியவில்லை. வலை அலறியது. பந்து கம்பிகளுக்கு நடுவில் சிக்கி, ஆடாமல் நின்றது.

பதினொரு பெண்களும் வாயைத் திறந்தபடி. என் மகள் மெதுவாக வலைக்குப் போய், பந்தை எடுக்காமல், பக்கத்தில் விரலை வைத்து மட்டும் பார்த்தாள். சூடாக இருக்குமோ என்று பார்க்கிற மாதிரி.

டிரைவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பந்தைத் தொட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு" என்றார், அதையே முதல் தடவையாகப் பார்க்கிறவர் போல.

இப்படி ஒரு கை தினமும் ஊரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. நானும் அந்த பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேனே.

மார்ச் 18, செவ்வாய்

பஞ்சுவைத் தனியாக அழைத்துப் போனார். பந்துகளில் மார்க்கரால் பெரிதாக எண் எழுதியிருந்தார். கண்ணை மூடாதே என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை.

"பஸ் வருது. எந்த நம்பர்னு பார்க்காம ஏறுவியா?"

"மாட்டேன்."

"அப்ப படி."

முதலில் தரையில் உருட்டினார். "ஏழு!" பிறகு மூன்றடி தூரத்திலிருந்து பூப்போல. "நாலு!" பிறகு பத்தடி. அரை மணி நேரத்தில் பஞ்சு கண்ணைப் பிதுக்கிக்கொண்டு, பயப்பட நேரமில்லாமல், வருகிற எண்ணை எல்லாம் கத்திக்கொண்டிருந்தாள். கடைசிப் பந்து கிளவ்ஸில் விழுந்தது. அதைக் கவனிக்கவேயில்லை அவள். "பன்னிரண்டா, இருபத்தொண்ணா?" என்று கேட்டபடி நின்றாள்.

பொறுமை கிடையாதாம்!

தண்ணீர் பாட்டில் எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இடி. சனிக்கிழமைகளில் அவருக்கு டூட்டி. மேட்ச் எல்லாமே சனிக்கிழமைதான்.

"கிரவுண்டுல நீங்க நில்லுங்க தம்பி" என்றார்.

"அக்கா, நான் ஒரு பிள்ளையோட வாயை உடைச்சவன்."

"அதனாலதான் சொல்றேன். யாரு அழப்போறா, யாரு யாரோட பேசல, யாருக்கு ஷூ கடிக்குது, எல்லாம் உங்களுக்குத் தெரியுது. எனக்கு அது வராது. பந்து போடத்தான் தெரியாது உங்களுக்கு. அதை நான் சொல்லித் தர்றேன்."

செயலாளருக்கு இரண்டு பெயர் அனுப்பினேன், அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று. அனுப்பிவிட்டு ஐந்து நிமிஷம் போனை வெறித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வியாழன்

தோள் கழன்று விழும்போல் வலி. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள்.

ஏப்ரல் 12, சனி

முதல் மேட்ச். 9–4. தோற்றோம்.

கடைசிச் சுற்றில் அவர்கள் பக்கத்து நெட்டைப் பெண் ஓங்கி அடித்தாள். பந்து பஞ்சுவை நோக்கித்தான் போனது. கத்த வேண்டும் என்று தோன்றியது, என்ன கத்துவதென்று தெரியவில்லை. பஞ்சு இரண்டடி பின்னால் போனாள். முகத்துக்கு நேராகக் கிளவ்ஸைத் தூக்கினாள். நான் பார்த்தேன் — நன்றாகப் பார்த்தேன் — இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

பிடித்துவிட்டாள்.

கிளவ்ஸைத் திறந்து உள்ளே பார்த்தாள். அவள் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். மேட்ச் முடியும்வரை உட்காரவேயில்லை. எதிர் அணிக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். இவ்வளவு சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய தைரியத்தை எங்கே வைத்திருக்கிறாள்?

டூட்டி இடைவேளையில் டிரைவர் அக்கா போன் செய்தார். சொன்னேன். "கண்ணு திறந்திருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டும்" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பயிற்சிக்குப் போனபோது பஞ்சுவின் அம்மா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். சேலையில்லை, டிராக் பேன்ட், புது ஷூ.

"பெரியவங்க சைஸ்ல கிளவ்ஸ் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். டிரைவர் அக்கா மார்க்கரின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.