கரண்ட் இல்லாத கடைக்கு வந்த மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? நான் நலம். விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

உனக்குக் கரண்ட் தையல் மெஷின் கொடுத்த தொழில் உதவிச் சங்கம்தானே எனக்கும் ஃபீஸ் கட்டுகிறது? வெள்ளிக்கிழமை அவர்கள் விழாவில் நான் பேச வேண்டுமாம்.

"மெஷின் வந்தப்புறம்தான் எங்க வீட்ல அடுப்பே எரிஞ்சுதுன்னு சொல்லு. ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா இன்னும் எடுப்பா இருக்கும்" என்கிறார் வார்டன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைக்குக் கரண்ட் இழுக்கத்தானே நீ உதவி கேட்டாய்? மெஷின் மூடியே கிடக்கிறது. மிதி மெஷினில் பை தைத்தே நீ இரண்டு அக்காக்களுக்குச் சம்பளம் கொடுக்கிறாய். மேடையில் அதைத்தான் சொல்வேன். ஃபீஸை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டாம். ஞாயிறு வரும்போது பெரிய பை ஒன்று தைத்து எடுத்து வா. என் துணியெல்லாம் அதில் அடங்க வேண்டும்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

உன் மகள்