எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ நலமாக இருப்பாய். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். இன்றைக்கு அந்த வரியை விட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதே.

உன் செய்தி செவ்வாய்க்கிழமை போனில் வந்தது. ஏழு மாதம் கழித்து. "மாமா, ஆபீஸ்ல புதுக் கேமரா வாங்கித் தர்றாங்க. மிரர்லெஸ் வாங்கலாமா, இல்ல பழைய மாதிரி சூப்பர் ஜூமே புதுசா வாங்கலாமா? உங்களைக் கேட்டுத்தான் சொல்வேன்னு சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். கீழே இரண்டு கேமராப் படங்கள், ஒரு சிரிப்புப் பொம்மை. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை.

அவள் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை எடுத்துப் பார்க்கிறாள். எதற்கென்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. இப்படி ஒரு செய்தியை அவள் படிக்க வேண்டாம் என்று அழித்துவிட்டேன். பதிலையும் போனில் தட்டாமல், கடையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் கேமரா விற்று நிற்கிறவன். கேட்டவனுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

சூப்பர் ஜூமில் லென்ஸ் உடம்போடு ஒட்டியே வரும், மாற்ற முடியாது. பக்கத்தில் இருக்கும் பூவும் அதில்தான், நிலாவில் இருக்கும் பள்ளமும் அதில்தான். ஆனால் உள்ளே படம் பதிகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நல்ல வெயிலில் பிரமாதமாக எடுக்கும். வெளிச்சம் மங்கினாலோ, ரொம்பத் தூரத்தை இழுத்தாலோ தலைமுடியெல்லாம் தண்ணீர் பட்ட சாயம் மாதிரிக் கலங்கிவிடும். மிரர்லெஸ்ஸில் சென்சார் ஒரு தபால் தலை அளவு இருக்கும். அறைக்குள் எடுத்தாலும் இமை முடியை எண்ணலாம், பின்னணி கரைந்து ஆள் தனியாக நிற்பார். லென்ஸைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தூரத்தில் இருப்பது வேண்டுமென்றால் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸைத் தனியாக வாங்கிச் சுமக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் நான் சுருக்கமாகச் சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும். மிரர்லெஸ் வாங்கினால் கால் நடக்க வேண்டும், சூப்பர் ஜூம் வாங்கினால் விரல் நடந்தால் போதும். நீயும் அதைக் கேட்டுச் சிரித்தாய்.

அன்றைக்கு நீ மிரர்லெஸ்தான் வேண்டும் என்று வந்திருந்தாய். ஃபிரிட்ஜ் ஆலையில் விளம்பரப் பிரிவில் நீ சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன் அக்கா அங்கே பதினான்கு வருஷமாகக் கதவுக்கு ரப்பர் பொருத்தும் வரிசையில் நின்றவள். தம்பிக்கு ஒரு இடம், தம்பிக்கு ஒரு இடம் என்று அந்த சூப்பர்வைசரின் உயிரை வாங்கித்தான் உனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. நான்தான் உன் மனதை மாற்றினேன். ஆலையைத் தூரத்திலிருந்து எடுக்கணும், மேடையில் பேசுகிறவர்களைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்கணும், உனக்கு இதுதான் சரி என்றேன். வாசலுக்குக் கூட்டிப்போய்த் தெருக்கோடி பஸ் நிறுத்தத்தைக் காட்டினேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை நீ ஜூமில் இழுத்தாய். கொட்டை எழுத்துத் தலைப்பு அப்படியே தெரிந்தது. "இதுகிட்டேருந்து யாரும் தப்பிக்க முடியாது போலயே மாமா" என்றாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படத்தின் ஓரத்தில் தேதியும் நேரமும் விழுகிற மாதிரி நானே வைத்துக் கொடுத்தேன். வேண்டாத படத்தை அழிக்கிற பொத்தான் எது என்றும் காட்டினேன்.

இனி நீ கேட்காததை எழுதுகிறேன்.

ஆலை வாசலில் அவர்கள் ஒன்பது நாள் நின்றது உனக்குத் தெரியும். கூலியைக் கூட்டு என்றா கேட்டார்கள்? ஃபோம் அடைக்கிற அறையில் புகை நெஞ்சைப் பிடிக்கிறது, நாலு காற்றாடி போடுங்கள் என்று கேட்டார்கள். உன் அக்காவுக்கு அந்த அறையில் வேலைகூட இல்லை. அங்கே வேலை செய்த, மூக்குக்கண்ணாடி போட்ட அந்தக் கண்ணாடிக்காரி இருமி இருமிச் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போவதைப் பார்க்க முடியாமல் போய் நின்றாள். யார் மீதும் கல் எறியவில்லை. லாரி வந்தபோது எல்லோரையும் போல வாசல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பத்தாம் நாள் பேசி முடித்து எல்லோரும் உள்ளே போனார்கள். அடுத்த வாரம் முப்பத்தொரு பேருக்குக் கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் அவரவர் முகம், பக்கத்தில் நம்பர். உன் அக்காவுக்குப் பதினேழு. மார்பளவுப் படம், கன்னத்தில் வேர்வை வழிவதுகூடத் தெரிந்தது. ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தேதி, காலை எட்டு மணி பதினான்கு நிமிஷம். நான் உனக்கு வைத்துக் கொடுத்ததும் அதே மாதிரிதான். எத்தனையோ கேமராவில் இப்படி விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசாரணை என்று இருபது நிமிஷம் உட்கார வைத்தார்கள். படத்தைக் காட்டி இது நீங்கள்தானா என்று கேட்டார்களாம். நான்தான் என்றாளாம். அவ்வளவுதான், பதினான்கு வருஷம் முடிந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் நீ வீட்டுக்கு வந்தாய், தலைமை அலுவலகத்துக்கு மாற்றல், பெரிய பதவி என்று. அவள் வேலை போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பாக உனக்குப் பரிமாறினாள். போர்வை, தலையணை உறை, சோப்பு டப்பா என்று உன் பையை அவளே அடுக்கினாள். "உனக்கு வேற வேலை கிடைச்சிரும்க்கா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். நான் எதிரே உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்தேன். நீ கடைசி வரை நிமிரவில்லை. கை கழுவப் போனவன் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டாய்.

போன மாதம் சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். வேலை போனவர்கள் போட்ட வழக்குக்காக ஆலையிடமிருந்து எல்லாப் படங்களையும் வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் கேமரா ஆள், பார்த்துச் சொல்லுங்கள் என்று படக் கட்டை என் முன்னால் வைத்தார். கிடங்கு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்தது. வாசலுக்கும் அதற்கும் நூற்றைம்பது மீட்டர் இருக்கும். நீதான் ஏறினாய் என்று காவலாளி சொல்லிவிட்டாராம். அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அந்தக் கலங்கின தலைமுடியைப் பார்த்தாலே எந்தக் கேமரா என்று எனக்குத் தெரியும்.

உன் அக்காவை மூன்று படம் எடுத்திருக்கிறாய். முதல் படத்தில் கூட்டம், அதில் எங்கேயோ அவள். இரண்டாவதில் அவளும் இன்னும் மூன்று பெண்களும். மூன்றாவதில் அவள் மட்டும். மூன்றும் ஒரே நிமிஷத்துக்குள். கடையில் அந்த மிரர்லெஸ்ஸையே உன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால், கூட வரும் சின்ன லென்ஸில் அந்த மாடியிலிருந்து அவள் ஒரு புள்ளியாக இருந்திருப்பாள். இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உனக்காக வாதாடியும் பார்த்தேன். மேலே ஏறச் சொன்னது மேனேஜர், புதிதாகச் சேர்ந்தவன் மறுக்க முடியுமா? கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடித்தானே யாருடைய கண்ணும் போகும்? அக்காவைக் கண்டதும் விரல் தானாக இழுத்திருக்கும். சரி, எடுத்தாய். கீழே இறங்கி வர எத்தனை படி இருந்தது? அதற்குள் அந்த மூன்றையும் அழித்திருக்கலாமே மாப்பிள்ளை. முப்பது பேர் என்று கொடுத்திருந்தால் யார் உன்னிடம் முப்பத்தொன்று கேட்டிருப்பார்கள்?

அந்த முப்பது பேருக்கு உன் சார்பில் என்ன சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்காரிக்கு இருமல் நிற்கவில்லை. உன் அக்கா இப்போது வேலை செய்கிற லாண்டரியில் அவள்தான் பக்கத்தில் நின்று ஓட்டல் விரிப்புகளை மடிக்கிறாள். ஆலையில் காற்றாடி போட்டுவிட்டார்கள். நாலு கேட்டதற்கு ஆறு போட்டிருக்கிறார்களாம். கேட்டவர்கள் வெளியே இருக்கிறார்கள். உன் மருமகள் இந்த வருஷம் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். மாமாவிடம் சொன்னீர்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

படம் எடுத்தது நீதான் என்று கண்ணாடிக்காரி போன வாரம் வாய் தவறி உன் அக்காவிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் துணி மடித்தாள். நாளெல்லாம் அதைத்தான் செய்கிறவள், வீட்டிலும் அதையே செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அவ்ளோ தூரத்துலேருந்து பார்த்தா, கேமராவுல ஆளு யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு கேமராவைப் பற்றி நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. "தெரியாது. எடுக்கும்போது வெறும் கூட்டமாத்தான் இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருசாக்கினாத்தான் முகம் தெரியும்" என்றேன்.

"அதானே," என்றாள். "அவனுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். நான் மறுபடியும் அதையே சொன்னேன். நம்புகிறாளா, நம்ப ஆசைப்படுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. மூன்று படம் இருப்பது அவளுக்குத் தெரியாது. வழக்கு வந்தால் தெரிந்துவிடும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறார்கள்.

நீ கேட்டதற்கு என் முடிவு: மிரர்லெஸ் வாங்கு. ஒரு சின்ன லென்ஸ் போதும். முகம் வேண்டுமென்றால் நாலடி தூரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். உன் முகமும் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு நீ ஒரு விளக்கமும் எழுத வேண்டாம். எழுதினால் பிரித்துப் படிக்கிற பொறுமை எனக்கு இல்லை. ஒன்று மட்டும் செய். ஒரு ஞாயிறு கிளம்பி வா, அன்று லாண்டரி விடுமுறை. வந்தால் அவள் உன்னிடமும் கேட்பாள். அவளை நேராகப் பார்த்து, "தெரியலக்கா" என்று சொல். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம், தெரியாதுதான் என்று சொல்கிறேன். முடியாது, உண்மையைத்தான் சொல்லப் போகிறேன் என்றால் அதையும் அவள் முன்னால் உட்கார்ந்து சொல். வழக்கு நடக்கிற இடத்தில் யாரோ ஒருவர் மூன்று படத்தையும் வரிசையாக வைத்துக் காட்டி அவள் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நன்றாக இரு என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அவள் எழுதியிருந்தால் அதையே மனதாரச் சொல்லியிருப்பாள். அதனால் அவளுக்காகச் சொல்கிறேன், நன்றாக இரு. சீக்கிரம் வா.

உன் அக்காவுக்குத் தெரியாமல்,
மாமா